கொட்டாஞ்சேனைச் சங்கக்கடை

கொட்டாஞ்சேனையில் என் நண்பருடைய வீட்டு முன்னறையில் இருந்த ஒரு கணினியை நான் வெறுமையாக்கினேன். அதில் எங்கள் குழுவிலிருந்த எல்லோருடைய உழைப்பும் இருந்தது, பெரும்பகுதி அவருடையது. அழிந்தது தவறுதலாகத்தான். ஆனால் உடனே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் அவர் வீட்டு மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன். அவர் அதை நம்பினார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். நண்பர் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுநராகச் சேர்ந்து, அங்கே கணினி வந்தபோது தானாகவே அதைப் பழகிக்கொண்டவர். இலவச மென்பொருள்களைத் தமிழில் ஓடச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்ட சிலர் ஒன்று சேர்ந்தபோதுதான் நாங்கள் அறிமுகமானோம். எங்கள் வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்காக. வடக்கிலும் கிழக்கிலும் பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது என்று தெரியாமல் இருந்த ஆசிரியர்களுக்கு, சீடி எனப்படும் இறுவட்டுகளில் பதிந்து அனுப்புவோம்.

இலவச மென்பொருளின் மூலநிரல் யாருக்கும் கிடைக்கும். ஆனால் மனிதர் எழுதிய அந்த நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்குத் தொகுத்தெடுக்க வேண்டும். எங்களிடமிருந்த இயந்திரங்களில் ஒரு பெரிய மென்பொருளுக்கு அது நாட்கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து. எனவே ஒருவர் தொகுத்ததை ஓர் இடத்தில் வைத்து, மற்றவர்கள் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். வெளிநாட்டில் வாடகைக்கு இடம் எடுத்துப் பார்த்தோம். டொலரில் கட்டுவது ஒரு பாடு. இங்கிருந்து ஏற்றியதை எங்கள் தொலைபேசி இணைப்புகளில் திரும்ப இறக்குவது பெரும்பாடு. கொழும்பிலேயே ஓர் இயந்திரம் இருந்தால் போதும் என்று நண்பர் சொன்னார். எங்களில் சொந்த வீடும் சொந்தப் பெயரில் தொலைபேசியும் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இயந்திரம் வாங்கப்படவில்லை, சேர்க்கப்பட்டது. பெட்டி என் அலுவலகத்தில் கழித்துவிட்டது. நினைவகம், எங்கள் குழுவில் ஹெவ்லொக் டவுனில் இருந்த ஒரு டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் செத்துப்போன கணினியிலிருந்து கேட்டு வாங்கிவந்தது. வன்தட்டுகள் இரண்டு. சின்னது அவருடையது, பெரியது என்னுடையது. மின்சாரம் போனால் தாங்குவதற்கென்று இருந்த கருவியின் மின்கலம் பழுதாகியிருந்ததால், அதை மேசைக்குக் கீழே ஒரு பலகையில் வைத்த வான் வண்டிப் பற்றரியோடு இணைத்திருந்தார். பெட்டிக்கு மூடி கிடையாது. சூடு தணிய மேசை விசிறி ஒன்று எந்நேரமும் அதைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த வீட்டில் மனிதருக்கு இருந்த ஒரே மேசை விசிறியும் அதுதான்.

சனிக்கிழமைகளில் நாங்கள் வன்தட்டுகளையும் இறுவட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போவோம். நண்பரின் மனைவி ஒருநாள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்ன, சங்கக்கடையா? ஆளாளுக்குப் பையோட வந்து நிக்கிறீங்க. கூப்பன் கொண்டுவந்தீங்களா?"

அன்றிலிருந்து, கூப்பனுக்கு அரிசி சீனி கொடுக்கும் கூட்டுறவுக் கடையின் பெயரே அந்த இயந்திரத்துக்கும்: சங்கக்கடை. தொலைபேசியில் "சங்கக்கடை திறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவோம்.

வராதவர்கள் தொலைபேசி வழியாக இணைந்துகொள்ளலாம். அதற்காக மாலையில் சில மணிநேரமும் ஞாயிறு காலையிலும், வீட்டுக்கு வரும் அழைப்புகளை இயந்திரமே எடுக்கும்படி அமைத்திருந்தார். நீர்கொழும்பிலிருந்த அவருடைய மாமி ஒருவர் இது தெரியாமல் அழைத்து, அது கீச்சிட்டதைக் கேட்டுப் பயந்துபோய், மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"உன்ட வீட்டில என்னமோ கத்துது மகன். சாமியாரைக் கூட்டிக்கொண்டு வரவா?"

"அது வெள்ளவத்தைக்காரங்கட ஆவி மாமி," என்றாராம் நண்பர். "சனிக்கிழமையில பற்றீஸ் குடுத்தா அடங்கிடும்."

பற்றீஸ் உண்மை. சனிக்கிழமைகளில் அவருடைய மனைவி மீன் பற்றீஸ் பொரித்துத் தட்டோடு கொண்டுவந்து வைப்பார். கடைசி ஒன்றுக்காக நானும் டீச்சரும் சண்டை பிடிப்போம்.

திரும்பும்போது ஒருமுறை நண்பரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வன்தட்டைக் கண்ட சிப்பாய் இது என்ன என்று கேட்டான். நான் புத்தகத்தில் படித்த சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க அவன் முகம் இறுகியது. பின்னால் நின்ற நண்பர் என் தோளுக்கு மேலால் எட்டி, "சிந்து மல்லி, சிந்து!" என்றார். பாட்டுத் தம்பி, பாட்டு. சிப்பாய் சிரித்துவிட்டு, யாருடைய பாட்டு என்று கேட்டான். நண்பர் நடுத்தெருவில் ஒரு பைலாப் பாட்டின் முதல் வரியை எடுத்துவிட்டார். எங்களை விட்டுவிட்டார்கள்.

"நீர் உண்மையைச் சொல்லப் போய் ரெண்டு பேரையும் உள்ளுக்கு அனுப்பியிருப்பீர் ஐசே," என்றார் பஸ்ஸில் ஏறியதும்.

சங்கக்கடையின் பெரிய பிரச்சினை இடம். வன்தட்டுகள் எப்போதும் நிரம்பியே இருந்தன. அதனால் ஒவ்வொரு பொருளையும் யாராவது ஒருவருடைய பகுதியில் ஒரே ஒரு தடவை மட்டும் வைப்பது, மற்றவர்களுடைய பகுதிகளில் "அது அங்கே இருக்கிறது" என்று காட்டும் ஒரு சுட்டியை மட்டும் வைப்பது என்று பழகிக்கொண்டோம். பார்ப்பவருக்கு எல்லோரிடமும் எல்லாம் இருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்றுக்கு மேல் பிரதி கிடையாது. ஆகவே ஒரு கட்டுப்பாடும் வைத்தோம். எதை அழிப்பதென்றாலும் முதலில் நண்பருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை எழுதியவன் நான்.

நண்பரின் திறமை வேறு யாருக்கும் இல்லாதது. பள்ளிக்கூடங்களில் இருந்த கணினிகள் எங்கள் சங்கக்கடையை விடவும் பழையவை. புதிய மென்பொருள் அவற்றில் மூச்சுத் திணறும். அவர் மூலநிரலுக்குள் போய், தேவையில்லாத சுமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தக் கிழட்டு இயந்திரங்களிலும் ஓடும்படி செய்வார். ஒவ்வொரு திருத்தத்தையும் சின்னச் சின்னக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய தட்டு நிரம்பியபோது எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஐசே, உம்மட பெரிய வீட்டில என்ட சாமான் கொஞ்சம் வைக்கிறேன். சரியா?"

நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம், வையும்," என்றேன். ஆட்டம் முடிவதற்குள் மறந்துவிட்டேன்.

அந்த வருடம் வெள்ளவத்தையில் சோதனைகள் அதிகம். ஒருநாள் அதிகாலை எங்கள் தொடர்மாடியைச் சுற்றிவளைத்தார்கள். என் அடையாள அட்டை, பொலிஸ் குடியிருப்புப் பதிவு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் மேசையில் அடுக்கி வைத்திருந்த இறுவட்டுகளின் மேல் வடபகுதிப் பள்ளிக்கூடங்களின் பெயர்கள் இருந்தன. பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். பின்னேரம் வரை ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்மேல் கை வைக்கவில்லை, உரத்துக்கூடப் பேசவில்லை. அதிகாரி இறுவட்டுகளை வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நாட்களில் மற்றவர்கள் பட்டதோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் நான் பயந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை, நண்பரின் குடும்பம் தேவாலயத்தில் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டிலிருந்தபடி சங்கக்கடையோடு இணைந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதை அனுப்பினோம் என்ற விவரங்கள் என் பகுதியில் இருந்தன. என் பெயரில் எதுவும் அங்கே இருக்கக்கூடாது என்று நினைத்தேன். என் பகுதியை முழுவதுமாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். போவது நான் தொகுத்தவைதானே, திரும்பச் செய்துகொள்ளலாம் என்று எண்ணினேன். நண்பருக்கு முதலில் சொல்லவில்லை.

அது முடிய வெகுநேரம் எடுத்தது. என்னிடம் இவ்வளவு பொருள் இல்லையே என்று தோன்றியபோதுதான் அவர் சாமான் வைத்தது ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். டீச்சருடைய பகுதியைத் திறந்து பார்த்தேன். சுட்டிகள் எல்லாம் இருந்தன, அவை காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மற்றவர்களுடையதும் அப்படியே. அவர்களுடையவற்றையும் நண்பர் என் பெரிய தட்டுக்கே மாற்றியிருந்தார். நண்பருடைய திருத்தங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அழித்த கோப்பு உடனே போய்விடாது. அதன்மேல் வேறெதுவும் எழுதப்படும் வரை தட்டில் கிடக்கும். இயந்திரத்தை அந்தக் கணமே நிறுத்தினால் மீட்டெடுக்கலாம். இதை என் கீழே வேலை செய்தவர்களுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். அன்று அதே தட்டில், நண்பர் முதல்நாள் தொடங்கிவிட்ட ஒரு பெரிய தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து அதை நிறுத்தும் அனுமதி எனக்கு இல்லை. நான் சும்மா இருந்த ஒவ்வொரு நிமிடமும் அது பழையதன்மேல் எழுதிக்கொண்டிருந்தது. அவர்கள் பூசை முடிந்து வந்துவிடுவார்கள், இயந்திரம் அழைப்பெடுக்கும் நேரமும் முடிந்துவிடும். "பிளக்கைப் பிடுங்கும்" என்று இரண்டு சொல் போதும்.

நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால், ஏன் அழித்தாய் என்று கேட்பார். என் பெயரை மட்டும் துடைத்துவிட்டு, இயந்திரத்தையும் அதன் தொலைபேசி இலக்கத்தையும் அவர் வீட்டிலேயே விட்டுவைக்கப் பார்த்தேன் என்று சொல்லவேண்டி வரும். பொலிஸ் தேடி வந்தால் அகப்படப்போவது அவர். நான் எடுக்கவில்லை.

பின்னேரம் அவரே தொலைபேசி எடுத்தார்.

"ஐசே, சங்கக்கடை காலி! ஒண்டுமே இல்லை. ஆரோ வந்து வழிச்சுத் துடைச்சமாதிரி இருக்கு."

"கரண்ட் ஏதும் போனதோ?" என்று கேட்டேன். என் பொய் இப்படி ஒரு கேள்வியாகத்தான் தொடங்கியது.

"காலையில ஒருக்கா மினுங்கினதாம், பக்கத்து வீட்டில சொன்னாங்க. ஆனா மெஷின் ஓடிட்டுத்தானே இருந்திச்சு..."

"அது போதும்," என்றேன். "பழைய டிஸ்க் அல்லே."

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் கூடினோம். என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டார். நான் பட்டம் பெற்றவன், பதவியில் இருப்பவன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வான் பற்றரி, பழைய தட்டு, "இந்த ஏரியா லைன்" என்று சொன்னேன். தலைகள் ஆடின. வெள்ளவத்தைப் பக்கம் இருந்த எங்களுக்குக் கொட்டாஞ்சேனையைப் பற்றி, ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் எண்ணம் இருந்தது. நெருக்கமான வீடுகள், பழைய கம்பிகள், எதையும் சமாளித்துக்கொள்ளும் ஆட்கள். என் பொய் அந்த எண்ணத்தின் மேல் ஏறி வசதியாக உட்கார்ந்துகொண்டது.

தட்டோடு நின்ற அவருடைய மனைவி, "எங்கட வீட்டு லைனுக்கு ஒரு குறையும் இல்லை அண்ணே," என்றார். "ஒருநாளும்..."

"நீ பேசாம இரு," என்று நண்பர் அவரை நிறுத்தினார். பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். முதலில் என்னிடம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, தொலைந்தது கிடைக்கவேண்டும் என்று அவருடைய மனைவி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றியதாகக் கேள்விப்பட்டேன்.

இயந்திரத்தை ஹெவ்லொக் டவுனுக்கு, டீச்சர் வீட்டுக்கு மாற்றினோம். பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நண்பர் சனிக்கிழமைகளில் முதலில் ஒரு சாட்டுச் சொல்லி வராமல் இருந்தார். பிறகு சாட்டும் சொல்லவில்லை. ஒரு மென்பொருளில் உதவி கேட்டுப் போனபோது, "நான் தொட்டாக் கெட்டுப்போகும் ஐசே. நீங்க படிச்ச ஆக்கள், நீங்க செய்யுங்க," என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: முந்தி அனுப்பியது எங்கள் கணினியில் ஓடியது, இப்போது அனுப்புவது ஓடவில்லையே, ஏன்? அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒருவரை, தன் கையை நம்பாத மனிதராக நான் ஆக்கிவிட்டிருந்தேன். மெல்லமெல்ல ஆசிரியர்கள் கேட்பதையும் நிறுத்தினார்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. நண்பர் ஒழுங்கான மனிதர். மென்பொருளோடு திருத்தங்களையும் கொடுக்கவேண்டும் என்பது இலவச மென்பொருளின் விதி என்பதால், அந்தந்த இறுவட்டிலேயே அவற்றையும் பதிந்து அனுப்பியிருந்தார். ஆகவே அவை எங்கள் பழைய இறுவட்டுகளில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கவேண்டும். எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை, இருந்தவை பொலிஸோடு போய்விட்டன. பள்ளிக்கூடங்களுக்கு எழுதினேன். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை யுத்தத்தால் பூட்டியிருந்தது, அங்கிருந்து வந்தவை கப்பலில் வந்தன. மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியை தன் கைப்பையில் கொண்டுவந்து தந்தார். சில கீறிப்போயிருந்தன, சில வாசிக்கவே முடியவில்லை. சனி ஞாயிறுகளில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதிக்கு மேல் கிடைத்தது. மீதியை நானே செய்து பார்த்தேன். நன்றாக வரவில்லை. எல்லாவற்றையும் ஓர் இறுவட்டில் பதிந்துகொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நண்பர் சாரத்தோடு இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மனைவி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க பூசைக்குப் போனப்பவா?" என்று கேட்டார் நண்பர்.

"ஓம்."

"நான் வந்து பார்க்கக்க அந்தத் தொகுப்பு ஓடிட்டு இருந்திச்சு. நீர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். அது உமக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பொலிஸுக்குப் பயந்து உம்மட பேரை அழிச்சீர். சரி. என்ட வீட்டு நம்பர்?"

அதை யோசிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய்.

அவர் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"நான் இந்த வீட்டு வயரெல்லாம் புதுசா இழுத்தேன் ஐசே," என்றார்.

அப்போதுதான் சுவர்களைப் பார்த்தேன். சுவிட்சுகளிலிருந்து கூரை வரை, புதிதாகப் பூசிய சீமெந்துக் கோடுகள் இருந்தன.

"சுவரெல்லாம் உடைச்சு," என்றார் அவருடைய மனைவி. பிறகு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் நான் தேநீர் குடிக்காமல் திரும்பியது அன்றுதான். வாசல்வரை வந்த நண்பர், "மத்த ஆக்களுக்கு நான் சொல்லமாட்டேன். நீரே சொல்லும்," என்றார். இறுவட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். ஒருவர் அதற்குப் பின் என்னோடு தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை. டீச்சருக்கு நேரில் சொன்னேன். "அண்ணை, அந்தப் பற்றீஸைச் சாப்பிட்டுக்கொண்டுதானே நானும் தலையாட்டினனான்," என்றார்.

பல மாதங்கள் நண்பரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை நான் டீச்சர் வீட்டுக்குப் போனபோது, நண்பர் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். என் இறுவட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இதை எந்தக் கழுதை செய்தது?"

"நான்தான்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு இரும். எங்க பிழைச்சிருக்கு எண்டு காட்டுறேன்."

நான் செய்தவற்றை முழுவதும் அழித்துவிட்டு, மறுபடியும் தன் கையால் செய்தார். அதற்கு அவருக்குப் பல சனிக்கிழமைகள் எடுத்தன. பள்ளிக்கூடங்களுக்கு மறுபடியும் இறுவட்டுகள் போயின. ஓடுகின்றன என்று பதில் வந்தது. அந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு காரியம், இயந்திரத்தின் தலைமைக் கடவுச்சொல்லை மாற்றியது. நான் என் பகுதிக்குள் போய் ஒன்றை வைக்கப் பார்த்தபோது அது என்னை விடவில்லை.

"உமக்கு வாசிக்க மட்டும்தான் அனுமதி," என்றார். "வைக்கிறதெண்டா எனக்கு அனுப்பும். நான் பார்த்துட்டுப் போடுறேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் சரி என்றேன்.

யுத்தம் முடிந்தது. அந்த இயந்திரமும் செத்து, வேறு இரண்டு இயந்திரங்கள் மாறி, இப்போது அதெல்லாம் வெளிநாட்டில் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது. இருவரும் கிழவர்களாகிவிட்டோம். நான் செய்வது ஏதும் இருந்தால் அவருக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் போடுகிறார். சிலவேளை கழுதை என்று ஒரு சொல் மட்டும் எழுதித் திருப்பி அனுப்புகிறார். அந்த அனுமதியை அவர் இன்றுவரை மாற்றவில்லை. மாற்றித் தரும்படி நான் கேட்கவும் இல்லை.